வராத ரயிலை நான் அனுப்பி வைத்தது

நம் பத்திரிகை ஒருமுறை ஒரு சரக்கு ரயிலை, அது மதுரைக்கு வந்து சேர்வதற்கு இரண்டு நாள் முன்பே தூத்துக்குடிக்கு அனுப்பி வைத்தது. இருபது பெட்டி, அவ்வளவும் மக்காச்சோளம். அந்தச் செய்தியை எழுதியவன் நான். புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களிடம் இதைச் சொல்ல என்னைவிடத் தகுதியான ஆள் கிடைக்க மாட்டார்.

செய்தி எழுதுவது எப்படி என்று நான் சொல்லப்போவதில்லை. தலைப்பு வைப்பது, பெயருக்கு முன்னால் இனிஷியல் விட்டுப்போகாமல் பார்ப்பது எல்லாம் ஆறு மாதத்தில் கைக்கு வந்துவிடும். வேறு ஒன்று கேட்கிறேன். வெளியூர்ப் பதிப்பின் பக்கம் மாலை நான்கு மணிக்கு முடிகிறது. விழா ஐந்து மணிக்கு. என்ன செய்வீர்கள்?

எனக்கு இதற்கு விடை சொல்லிக் கொடுத்தவர் அந்தக் காலத்துத் தலைமை நிருபர். பெயர் வேண்டாம். அவர் மாலை விழாக்களை மதியம் மூன்று மணிக்கே எழுதி முடிப்பார். அழைப்பிதழைப் பக்கத்தில் வைத்துக்கொள்வார். யார் வரவேற்றார், யார் முன்னிலை வகித்தார், யார் நன்றி கூறினார் என்பதெல்லாம் அதிலேயே இருக்கும். ‘திரளானோர் கலந்துகொண்டனர்’ என்ற இடம் வரும்போது மட்டும் எழுந்து ஜன்னல் வழியாக வானத்தைப் பார்ப்பார். மேகம் இருந்தால் ‘திரளானோர்’ போய் ‘பலர்’ ஆகிவிடும். அவருடைய கள ஆய்வு அவ்வளவுதான்.

அவரிடம் ஒரே ஒரு பாதுகாப்பு விதி இருந்தது. “பக்கம் போறதுக்கு முன்னாடி ஒரு போன் போடு. ஏற்பாடெல்லாம் ஆயிருச்சான்னு கேளு. ஆயிருச்சுன்னா விழா நடந்துருச்சு.” இருபது ஆண்டுகளுக்கு மேல் இந்த விதி என்னைக் கைவிடவில்லை. அதனால்தான் நான் அதைச் சந்தேகிக்கவே இல்லை.

இனி பேச்சியம்மாள். எழுமலைப் பக்கம் எட்டு ஏக்கர் மானாவாரி நிலத்தில் மக்காச்சோளம் போடுகிறவர். சுற்றிலும் உள்ள ஊர்களில் முந்நூறு விவசாயிகள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தார்கள், அதற்கு அவர் தலைவி. மேடையில் உட்காரும் தலைவி அல்ல. மூட்டைக்குள் கையை விட்டு, ஈரம் இருந்தால் அந்த இடத்திலேயே திருப்பி அனுப்புகிற தலைவி. சொந்தக் கொழுந்தனார் மூட்டைகளையே இரண்டு முறை திருப்பி அனுப்பியவர். கொழுந்தனார் இப்போதும் அவரோடு பேசுவதில்லை என்றும், ஆனால் சோளத்தை நன்றாகக் காயவைக்கிறார் என்றும் கேள்வி.

இவர்களுடைய சோளத்தை மொத்தமாக வாங்கியவர் காதர் பாய். சிம்மக்கல்லில் தானியக் கடை. தூத்துக்குடியில் ஒரு கப்பலில் இடம் பிடித்து வைத்திருந்தார். அந்தக் கப்பல் ஞாயிற்றுக்கிழமை மாலை கிளம்பும்.

நூற்றைம்பது கிலோமீட்டருக்கு எதற்கு ரயில் என்று நானும் கேட்டேன். அந்தப் பருவத்தில் போதுமான லாரி கிடைக்கவில்லை. கிடைத்தவையும் துறைமுக வாசலில் வரிசையில் நின்று நாளைக் கழித்தன. கப்பலுக்குச் சரக்கு ஒரே தவணையில் வேண்டும். அதனால் ரயில். ஆனால் ரயிலுக்கென்று சில வழக்கங்கள் உண்டு. ஒற்றைப் பெட்டி கேட்டால் கிடைக்காது. இருபது பெட்டிக்கு மொத்தமாகச் சரக்கு காட்ட வேண்டும். பெட்டிகள் வந்து நின்றால் ஒன்பது மணி நேரத்துக்குள் ஏற்றி முடிக்க வேண்டும். ஆகவே ரயில் வருவதற்கு முன்பே சோளம் அங்கே வந்திருக்க வேண்டும். ரயில் எப்போது வரும் என்பதை மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள். சோளம் ரயிலுக்காக எத்தனை நாள் வேண்டுமானாலும் காத்திருக்கலாம். ரயில் சோளத்துக்காக ஒன்பது மணி நேரத்துக்கு மேல் நிற்காது.

மதுரைக்கு வெளியே ஒரு சரக்கு நிலையத்தில் ஏறத்தாழ இருபதாயிரம் மூட்டைகள் வந்து இறங்கின. பாதி கொட்டகைக்குள் அடங்கியது. மீதி வெளியே திறந்த மேடையில், வாடகைத் தார்ப்பாய்களுக்கு அடியில். கப்பலை விட்டால் காதர் பாய் எடுத்துக்கொள்ள மாட்டார். மழையில் நனைந்தால் யாருமே எடுத்துக்கொள்ள மாட்டார்கள். முந்நூறு குடும்பங்களின் ஒரு வருஷ வெள்ளாமை அந்த மேடையில் கிடந்தது. மாசி மாதத்தில் மழை பெய்யாது என்பார்கள். அந்த மாசியில் வானம் தினமும் மதியத்துக்கு மேல் கறுத்தது.

பேச்சியம்மாள் எனக்கு நாள் தவறாமல் போன் செய்தார்.

“அண்ணே, இன்னைக்கும் வண்டி வரல.”

“அப்படியாம்மா. வந்ததும் சொல்லுங்க, போட்டுருவோம்.”

“வந்துட்டா ஏத்தி விட்டுட்டு நான் ஊருக்குப் போயிருவேன். அப்புறம் உங்களுக்கு எதுக்குச் சொல்லணும்? வரலங்கிறதத்தான் போடச் சொல்றேன்.”

“வராதது எப்படிம்மா செய்தியாகும்?”

“மாப்பிள வராம கல்யாணம் நின்னா போடுறீகள்ல?”

இன்னொரு போன் வருகிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். எந்தப் போனும் வரவில்லை.

அவர்கள் காத்திருந்த பத்தாம் நாள், புதன்கிழமை காலை, ஓர் அழைப்பிதழ் வந்தது. எழுமலை வட்டாரத்து மக்காச்சோளத்தை ஏற்றிச் செல்லும் சரக்கு ரயிலை ஒரு பிரமுகர் மாலை ஐந்து மணிக்குக் கொடியசைத்துத் தொடங்கி வைக்கிறார். பெட்டிகள் விடிகாலையில் வந்துவிடும், பகலில் ஏற்றிவிடுவார்கள், மாலையில் கொடி. பேச்சியம்மாள் அன்று போன் செய்யவில்லை. ரயில் வந்துவிட்டது, வேலையில் இருக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். உண்மையில் அவர் போனில் சார்ஜ் இல்லை.

மூன்றரை மணிக்குச் செய்தியை எழுதி முடித்தேன். மூன்று ஐம்பதுக்கு விதிப்படி சரக்கு நிலைய அதிகாரிக்குப் போன் போட்டேன். நல்ல மனிதர், கேட்ட கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்வார்.

“மேடை ரெடியா சார்?”

“போட்டாச்சு சார்.”

“மைக்கு?”

“டெஸ்டிங் நடக்குது.” பின்னால் ‘ஹலோ, ஹலோ’ என்று கேட்டது.

“மாலை?”

“வந்துருச்சு. ரோஜா மாலை.”

“கொடி?”

“ரெண்டு இருக்கு சார். ஒண்ணு எக்ஸ்ட்ரா.”

“தலைவர் வர்றது உறுதிதானே?”

“கிளம்பிட்டாராம் சார்.”

நன்றி சொல்லிவிட்டுச் செய்தியை அனுப்பினேன். கடைசி வரி எனக்கு இன்னும் மனப்பாடம்: ‘ரயில் புறப்பட்டபோது விவசாயிகள் மகிழ்ச்சியுடன் கையசைத்து வழியனுப்பினர்.’ பிறகு என் மனைவி ஆசிரியையாக இருந்த மிஷன் பள்ளியின் ஆண்டு விழாவுக்குப் போனேன். பாட்டுக் குழுவை அவள்தான் நடத்தினாள். போனை அணைத்துவிட்டு இரண்டாம் வரிசையில் உட்கார்ந்து எல்லாப் பாட்டுக்கும் கைதட்டினேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்குப் பேச்சியம்மாளின் குரல்.

“பேப்பர்காரரே, சோளம் தூத்துக்குடிக்குப் போயிருச்சாமே?”

“ஆமாம்மா, சந்தோஷம்.”

“அப்ப நான் இப்ப எது மேல உக்காந்திருக்கேன்?”

நான் போய்ச் சேர்ந்தபோது அவர் மூட்டை அடுக்கின் உச்சியில் உட்கார்ந்திருந்தார். கையில் நம் பத்திரிகை. கீழே நாற்பது, ஐம்பது விவசாயிகள். செய்தியை உரக்கப் படித்துக்கொண்டிருந்தார். கையசைத்து வழியனுப்பினர் என்ற இடத்தில் நிறுத்தினார்.

“மாப்ள, நீ கையசைச்சியாடா?” என்று ஒருவர் பக்கத்திலிருந்தவரைக் கேட்டார்.

“நான் தூங்கிக்கிட்டிருந்தேன். கொசு விரட்டையில அசைஞ்சிருக்கும்.”

தண்டவாளத்தைப் பார்த்தேன். காலி. ஒரு நாய் குறுக்கே போனது. முந்தின நாள் நடந்ததை அதிகாரி எனக்குத் தனியாக விளக்கினார். பெட்டிகள் விடிகாலையில் வரவில்லை. மதியமும் வரவில்லை. ரயிலின் தேதியைவிடப் பிரமுகரின் தேதி கிடைப்பது கடினம் என்பதால், விழாவைத் தள்ளிவைக்கச் சொல்ல யாருக்கும் துணிவில்லை. அவர் சரியாக ஐந்து மணிக்கு வந்தார். பேசினார். காலித் தண்டவாளத்தைப் பார்த்துக் கொடியை அசைத்தார். மேலூரில் அடுத்த விழா இருந்ததால் கிளம்பிவிட்டார். ஆக என் செய்தியில் ரயிலையும் விவசாயிகளின் மகிழ்ச்சியையும் தவிர மற்ற எல்லாம் உண்மை.

“போன்ல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார்?” என்றேன்.

“ரயில் வந்துச்சான்னு நீங்க கேக்கலையே சார். எக்ஸ்ட்ரா கொடி வரைக்கும் கேட்டீங்க. ரயிலைக் கேக்கல.”

அவர் முகத்தில் கிண்டல் இல்லை. அது இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

அப்போது ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றது. தார்ப்பாய் வாடகைக்கு விட்ட கடைக்காரர், சிம்மக்கல்லிலிருந்து. இறங்கிய வேகத்தில் கயிறுகளை அவிழ்க்கத் தொடங்கினார். பேச்சியம்மாள் மேலிருந்து சத்தம் போட்டார்.

“ஏய், யாருப்பா அது? எதுக்கு அவுக்கிற?”

“சோளம் போயிருச்சுன்னு பேப்பர்ல போட்டுருக்கே அக்கா. வேற எடத்துக்குத் தார்ப்பாய் கேக்குறாக.”

“கண்ணு முன்னால மல மாதிரி கெடக்கே, இது என்ன?”

கடைக்காரர் மூட்டைகளைப் பார்த்தார். கையிலிருந்த பத்திரிகையைப் பார்த்தார். மறுபடி மூட்டைகளைப் பார்த்தார்.

“இது வேற சோளமா இருக்கும்” என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது உறைத்தது. அந்த மனிதர் தன் கண்ணைவிட என் எழுத்தை நம்பினார். பேச்சியம்மாள் கீழே இறங்கி, அவர் கையைப் பிடித்து இழுத்துப்போய், ஒவ்வொரு மூட்டையிலும் இருந்த சங்கத்தின் பச்சை முத்திரையைக் காட்டிய பிறகே கடைக்காரர் கயிற்றை விட்டார்.

அடுத்த செய்தி இன்னும் மோசம். மூட்டை தூக்கும் ஆட்களை வைத்திருந்த மேஸ்திரி, வேலை முடிந்துவிட்டதாகப் பத்திரிகையில் பார்த்துவிட்டு, நூறு பேரையும் பரவை மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போய்விட்டார். இப்போது ரயில் வந்தாலும் ஏற்ற ஆள் இல்லை.

எட்டரை மணிக்குக் காதர் பாய் ஸ்கூட்டரில் வந்தார். மூட்டைகளைப் பார்த்ததும் ஹெல்மெட்டைக் கழற்ற மறந்து அப்படியே நின்றார்.

“காலையிலேயே துறைமுகத்துக்கு போன் போட்டுச் சொல்லிட்டேனே சார், சரக்கு வந்துக்கிட்டிருக்குன்னு. கப்பல் ஏஜெண்டு எடத்த ஒதுக்கிட்டாரு. அல்லா, இப்ப என்னன்னு சொல்லுவேன்?”

“மறுப்பு போட்டுடுறேன் பாய். தப்பு என்னுடையது.”

இங்கேதான் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. முதலில் காதர் பாயே கையை உயர்த்தினார்.

“வேணாம் சார். சரக்கு கிளம்பலன்னு தெரிஞ்சா ஏஜெண்டு எடத்த வேறாளுக்குக் குடுத்துருவாரு. வழியில இருக்குன்னு நெனச்சா காத்திருப்பாரு.”

அதிகாரி குரலைத் தாழ்த்தினார். “எனக்கும் மறுப்பு வேண்டாம் சார். மேல இருந்து காலையில மூணு தடவ கேட்டுட்டாங்க, ரயில் எங்கன்னு. வராத ரயிலை யாரும் தேட மாட்டாங்க. காணாமப் போன ரயிலைத் தேடுவாங்க. இந்தக் களேபரத்துல எங்கேயாவது இருந்து பெட்டியைப் பிடிச்சு அனுப்பிருவாங்க.”

பேச்சியம்மாள் என்னை ஒரு முறை மேலும் கீழும் பார்த்தார். “பத்து நாளா உண்மையச் சொன்னேன், ஒரு எலி கூடத் திரும்பிப் பாக்கல. நீங்க ஒரு பொய் போட்டீக, ஊரே ஓடி வருது. இருக்கட்டும்ணே. கெடக்கட்டும் அந்தப் பொய்.”

தம்பிகளே, தங்கைகளே, தவறாக எழுதிய நிருபரிடம் பாதிக்கப்பட்ட எல்லோரும் வந்து, தயவுசெய்து திருத்தாதே என்று கேட்கும் நாள் ஒருவர் வாழ்க்கையில் ஒரு முறைகூட வராது. எனக்கு வந்தது. என் மரியாதையும் பிழைக்கும், அவர்களுக்கும் ரயில் வரலாம். வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் தோன்றவில்லை. இதை ஒத்துக்கொள்கிறேன். பக்கத்துக் கடையில் டீ குடித்துக்கொண்டு, இதுவும் ஒரு வகைப் பொதுச்சேவைதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

டீ பாதியில் இருக்கும்போது முதல் டிராக்டர் வந்தது. டிரெய்லர் நிறைய மக்காச்சோளம். பின்னால் இன்னொன்று. ஓட்டி வந்தவர் சங்கத்தைச் சேர்ந்தவர் அல்ல.

“துறைமுகத்துக்கு ரயில் ஓட ஆரம்பிச்சிருச்சாம்ல? எங்க சோளத்தையும் ஏத்திவிடலாம்னு வந்தோம். பின்னால இன்னும் நெறைய வருது.”

மேற்கே பார்த்தேன். வானம் கறுக்கத் தொடங்கியிருந்தது. கொட்டகையில் இடமில்லை. இந்தப் புதுச் சோளத்துக்குத் தார்ப்பாயும் இல்லை. இந்த ரயில் வந்தால்கூட இவர்களுக்கு அதில் இடம் கிடையாது. என் வரி ஒன்று அவர்களை வீட்டிலிருந்து கிளப்பிக் கொண்டுவந்திருந்தது. காரணம் அப்போது தோன்றியது. பொய்யை எனக்குத் தெரிந்த மூன்று பேருக்காக விட்டுவைக்கலாம் என்று நான் நினைத்தேன். ஆனால் அதை அந்த மூன்று பேர் மட்டும் படிக்கவில்லை.

பேச்சியம்மாளும் டிராக்டர்களைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, “வாங்க, ரோட்டுக்குப் போவோம்” என்றார்.

உசிலம்பட்டிச் சாலை திரும்பும் இடத்தில் நாங்கள் இருவரும் நின்றோம். என் கையில் என் பத்திரிகை. வந்த டிராக்டர்களை ஒவ்வொன்றாக நிறுத்தி, செய்தி தப்பு, திரும்பிப் போங்கள் என்றேன். ஒருவர் எஞ்சினை அணைத்துவிட்டு நிதானமாக விசாரித்தார்.

“நீங்க யாரு?”

“இதை எழுதினவன்.”

“பேப்பர்காரரா?”

“ஆமா.”

“பேப்பர்காரர் எழுதுனத நம்பக் கூடாது. பேப்பர்காரர் சொல்றத நம்பணும். அப்படித்தான?”

“இன்னைக்கு மட்டும் அப்படித்தான்.”

“நாளைக்கு?”

பேச்சியம்மாள் குறுக்கே வந்தார். “யோவ், நாளைக்கு மழையில நனைஞ்ச சோளத்த வச்சுக்கிட்டுக் கேளு. வண்டியத் திருப்பு.”

அவர் திருப்பினார். என் விளக்கத்தைவிட அந்தக் குரல் வேலை செய்தது. பதினேழு டிராக்டர்கள். எண்ணினேன். ஒவ்வொன்றிடமும் ‘நான்தான் தப்பாக எழுதினேன்’ என்று சொன்னேன். முதல் மூன்று முறை கூச்சமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. உங்களுக்கும் அது சீக்கிரம் பழக வேண்டும் என்று வாழ்த்துகிறேன்.

திரும்பி வந்ததும் காதர் பாயிடம் சொன்னேன். “மறுப்பு நாளைக்கு வரும் பாய். ஏஜெண்டு அதைப் பேப்பர்ல பாக்குறதுக்கு முன்னாடி உங்க வாயால கேக்கட்டும்.”

அவர் வெகுநேரம் போனைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். பிறகு பேசினார். மறுமுனையில் வசை தொடர்ந்து வந்தது. பாய் போனைக் காதிலிருந்து ஓர் அடி தள்ளிப் பிடித்து, நடுநடுவே “கரெக்ட், கரெக்ட்” என்றார். முடித்ததும் நெற்றியைத் துடைத்தார்.

“ஞாயித்துக்கெழம மதியம் வரைக்கும் எடத்த வச்சிருக்கேன்னுட்டாரு.”

“எப்படி பாய் ஒத்துக்கிட்டார்?”

“நம்ம எடத்தக் கேட்டுக்கிட்டிருந்த இன்னொருத்தர் சரக்கும் வரலயாம். அதுவும் ரயிலாம்.”

மூன்றே முக்காலுக்கு அலுவலகத்துக்குப் போன் போட்டேன். செய்தி ஆசிரியர் எடுத்தார்.

“மறுப்பா? யாருய்யா கேட்டா?”

“யாரும் கேக்கல சார். போட வேண்டாம்னுதான் எல்லாரும் சொல்றாங்க.”

“அப்புறம் என்ன?”

“டிராக்டர் வந்துக்கிட்டிருக்கு சார்.”

அவருக்குப் புரியவில்லை. ஆனால் என்னிடம் அப்படி ஒரு குரலை அவர் கேட்டதில்லை என்று பிறகு சொன்னார். ஐந்து வரிக்கு இடம் கொடுத்தார். நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார்: மக்காச்சோள ரயில் வரவில்லை. பதினொரு நாளாக வரவில்லை. மூட்டைகள் நிலையத்திலேயே உள்ளன. மற்ற விவசாயிகள் இப்போது சோளம் கொண்டுவர வேண்டாம். புறப்பட்டதாக வந்த செய்தி நிருபரின் தவறு.

அன்று மாலை தூறல் போட்டது. தார்ப்பாய்கள் கட்டியபடியே இருந்தன.

வெள்ளிக்கிழமை அந்த ஐந்து வரியும் ஆறாம் பக்கத்தில், காணாமல் போன ஒரு சான்றிதழ் விளம்பரத்துக்குக் கீழே வந்தன. பேச்சியம்மாள் அதை இரண்டு முறை படித்தார்.

“வரலன்னு போட்டுட்டீக” என்றார்.

“போட்டுட்டேன்.”

“இதத்தான மொத நாள்லேருந்து கேட்டேன். ஒரு உண்மையப் போடுறதுக்கு முன்னாடி ஒரு பொய்யப் போட்டுப் பாக்கணுமா உங்களுக்கு?”

காலை பத்து மணிக்குப் பெட்டிகள் வந்தன. இருபதும் வந்தன. நான் பெருமையோடு அதிகாரியைப் பார்த்தேன். அவர் தலையை ஆட்டினார்.

“உங்க மறுப்புனால இல்ல சார். செவ்வாய்க்கிழமையே கிளம்பின பெட்டி. நடுவுல ஒரு சின்ன ஸ்டேஷன்ல பாதை கிடைக்காம மூணு நாளா நின்னுருக்கு.”

என் பொய்யால் பாதை கிடைத்ததா, என் மறுப்பால் கிடைத்ததா, இரண்டும் இல்லாமல் தானாகவே கிடைத்ததா? எனக்குத் தெரியாது. விசாரித்தேன், மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னார்கள். தெரியாததைத் தெரியாது என்று விட்டுவிடுவதும் நம் வேலையில் சேர்த்தி.

ஒன்பது மணி நேரம் ஓடத் தொடங்கியது. தூக்கும் ஆட்கள் பரவையில். விவசாயிகள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தாங்களே இறங்கினார்கள். மேஸ்திரி பன்னிரண்டு மணிக்கு ஆட்களோடு வந்து சேர்ந்தார். வந்ததும் என்னிடம், “சார், இனிமே ஏதாச்சும் போடுறதா இருந்தா எனக்கு ஒரு போன் போட்டுட்டுப் போடுங்க” என்றார். நூறு பேருக்கு வேலை இருக்கிறதா இல்லையா என்று நான் முடிவு செய்கிறேன் என்பது எனக்கு அதுவரை தெரியாது. மாலை ஏழு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கடைசி மூட்டை ஏறியது. பேச்சியம்மாள் அதற்குள்ளும் கையை விட்டுப் பார்த்தார். ஈரம் இல்லை.

பெட்டிகளை இழுத்து வந்த எஞ்சின் அப்போதே போய்விட்டிருந்தது, வேறு எஞ்சின் சனிக்கிழமை காலையில்தான் வரும் என்றார்கள். “அதுவும் தனியாத்தான் வரணுமா?” என்று கேட்டார் பேச்சியம்மாள்.

சனிக்கிழமை காலை ஏழு பத்துக்கு ரயில் நகர்ந்தது. மேடை இல்லை, மைக் இல்லை. கடைசிப் பெட்டியிலிருந்து ரயில் கார்டு பச்சைக் கொடியை அசைத்தார். கொடியசைத்துத் தொடங்கி வைத்தவர் என்று நான் எழுதியிருக்க வேண்டியது அவரைத்தான். அவர் பெயரைக் கேட்டுக் குறித்து வைத்திருந்தேன். விவசாயிகள் யாரும் கையசைக்கவில்லை. பாதிப் பேர் காலியான சரக்கு மேடையில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

“எழுதிட்டீகளா?” என்றார் பேச்சியம்மாள்.

“இல்லம்மா. வண்டி அந்த வளைவு தாண்டட்டும்.”

“தாண்டிருச்சு.”

“தூத்துக்குடி போய்ச் சேரட்டும்.”

“ரொம்பத் திருந்திட்டீக. இனிமே கப்பல் வெளிநாடு போயி, கோழி சோளத்தத் தின்னுச்சான்னு கேட்டுட்டுத்தான் எழுதுவீக போல.”

மூன்றரை மணிக்குக் காதர் பாய் துறைமுகத்திலிருந்து கூப்பிட்டார். மூட்டை இறங்குகிறது, ஈரப்பதம் பார்த்தாயிற்று, சரியாக இருக்கிறது, ஞாயிறு கப்பலில் ஏறிவிடும். பின்னால் கிரேன் சத்தம் கேட்டது. “ரயில் வந்துருச்சா பாய்?” என்று கேட்டேன். “முன்னால நிக்கிறேன் சார்” என்றார். “எத்தனை பெட்டி?” “இருபது.” “எண்ணிச் சொல்லுங்க.” எண்ணிச் சொன்னார்.

எழுதினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சரியான செய்தியை நான் எழுதியதில்லை. கார்டின் பெயர் இனிஷியலோடு இருந்தது. அனுப்பிவிட்டு ஐந்து நிமிடம் கழித்துச் செய்தி ஆசிரியர் கூப்பிட்டார்.

“என்னய்யா இது? புறப்பட்டதுன்னு வியாழக்கிழமை போட்டோம். புறப்படலன்னு வெள்ளிக்கிழமை போட்டோம். இப்ப மறுபடியும் புறப்பட்டதுன்னா வாசகன் சிரிப்பான். விட்டுரு.”

எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். பக்கம் முடிந்துவிட்டது.

பேச்சியம்மாளுக்குப் போன் செய்து, செய்தி வராது என்று சொன்னேன். அவருக்கு வருத்தமே இல்லை. “போனது போயிருச்சுல்ல, போதும். அடுத்த வருசம் வண்டி வரலன்னா போடுவீகள்ல?” என்றார். போடுவேன் என்றேன். போட்டேன். அடுத்த மாசியில் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நேரில் போய்த் தண்டவாளத்தைப் பார்த்துவிட்டு.

ஆனால் ஒரு பாக்கி இருக்கிறது. பழைய இதழ்களைப் புரட்டினால் தெரியும். நம் பத்திரிகையில் அந்த விஷயத்தைப் பற்றிய கடைசிச் செய்தி அந்த ஐந்து வரிதான். நம் பத்திரிகையை மட்டும் படிக்கும் வாசகரைப் பொறுத்தவரை அந்த இருபதாயிரம் மூட்டைகளும் இன்னும் மதுரைக்கு வெளியே தார்ப்பாய்க்கு அடியில்தான் கிடக்கின்றன. உங்களில் யாராவது, பக்கத்தில் இடம் கிடைக்கும் ஒரு நாளில், அவற்றை அனுப்பி வைத்துவிடுங்கள். அனுப்பும் முன் ரயில் வந்துவிட்டதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.